பவர் சரி, ஆனாலும் எழுத்து இரண்டாகத் தெரிவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன, நெற்றி வலிக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடுகிறது. இரண்டு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றியாயிற்று. 'பவர் சரியாகத்தான் இருக்கிறது' என்கிறார்கள். எனக்கு மாறுகண்ணும் கிடையாது. என்ன செய்வது? ஆறு வயது மகளுக்கும் இது வருமா?

பதில்: ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில்தான் இருக்கிறது. பவர் கோளாறாலோ கண்புரையாலோ இரண்டாகத் தெரிந்தால், மற்ற கண்ணை மூடினாலும் அந்தக் கண்ணில் அப்படியேதான் தெரியும். உங்களுக்கு அப்படி இல்லை. தனித்தனியாக இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. சேர்ந்து வேலை செய்வதில்தான் சிக்கல். பவர் பார்க்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு கண்ணாக மறைத்தே பார்ப்பதால் இது அதில் அகப்படாமல் போகிறது.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியை நோக்கி நின்றால்தான் மூளை இரண்டு படங்களையும் ஒன்றாக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் கண்கள் மயிரிழை விலகியே நிற்க விரும்புகின்றன. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று சற்று வெளியே இழுப்பதைப் போல. வண்டிக்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டுவதால் வண்டி நேராகப் போகிறது. மூளை செய்வதும் அதுதான். காலையில் சிரமம் தெரியாது. ஆறு மணி நேரம் பிடித்தபின் கை ஓய்ந்துவிடும். உங்களுக்கு மதியத்துக்கு மேல் தொல்லை தருவது இதுவாக இருக்கலாம். இதை மறைந்த மாறுகண் என்கிறோம். கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது. ஒரு கண்ணை மறைத்து எடுக்கும்போது, அந்தக் கண் இடம் திரும்புவதைக் கவனித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிட்டப் பார்க்கும் வேலை செய்பவர்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பது, இரண்டு கண்ணையும் மூக்குப் பக்கம் குவிக்கும் திறன் குறைவது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, பேனா முனையைக் கை நீட்டும் தூரத்திலிருந்து மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். முனை எங்கே இரண்டாகிறது? 10 சென்டிமீட்டருக்குள் என்றால் கவலை இல்லை. ஒரு சாண் தூரத்திலேயே பிரிந்தால் குவிக்கும் திறன் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு படங்களும் பக்கவாட்டில் நிற்கின்றனவா, மேலும் கீழுமாகவா? பக்கவாட்டு விலகலை மூளை ஓரளவு சமாளிக்கும். மேல்கீழ் விலகல் மிகச் சிறிதாக இருந்தாலும் தாங்காது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு தசை பலவீனமாக இருக்கும். தலையைச் சாய்த்தே பார்த்துப் பழகி, முப்பது நாற்பது வயதில்தான் தொந்தரவு தொடங்கும். பள்ளிக் காலத்துப் போட்டோக்களில் உங்கள் தலை ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று கண்ணாடி மாற்றியதாகச் சொல்கிறீர்கள். பவர் சரியாக இருந்தும் லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக இல்லாவிட்டால், லென்ஸே ப்ரிஸம்போல், அதாவது ஆப்பு வடிவக் கண்ணாடித் துண்டுபோல், ஒளியைத் திருப்பிவிடும். ஓர் அலகு ப்ரிஸம், ஒரு மீட்டர் தூரத்தில் படத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும். மைனஸ் 5 பவர் லென்ஸ் 4 மில்லிமீட்டர் விலகினால் 2 அலகு ப்ரிஸம் சேர்ந்துவிடும். ஏற்கெனவே களைத்த கண்ணுக்கு அது கூடுதல் சுமை. அதனால் முதல் வேலையாக, இப்போதைய கண்ணாடியின் மையத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு வருகிறேன். குவிக்கும் திறன் குறைவு என்றால் பயிற்சிதான் முதல் வழி. ஆனால் வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுள்ள 221 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் நிபுணர் முன்னிலையில் 12 வாரம் பயிற்சி எடுத்தவர்களில் 73 சதவீதத்தினர் தேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம்தான். பெரியவர்களுக்கும் நான் முதலில் நிபுணர் மேற்பார்வையில் பயிற்சியைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: இந்தப் பயிற்சி கண்ணாடியின் பவரைக் குறைக்காது. அப்படிச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

மேல்கீழ் விலகலுக்கு ப்ரிஸம் கண்ணாடி நன்றாகக் கைகொடுக்கும். ஓர் அலகு ப்ரிஸம், ஒரு மீட்டர் தூரத்தில் படத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும். லென்ஸில் ஒட்டக்கூடிய மெல்லிய ப்ரிஸம் ஏடு கிடைக்கிறது. அதைச் சில வாரம் போட்டுப் பார்த்து, ஒத்துவந்தால் நிரந்தரக் கண்ணாடி செய்துகொள்ளலாம். இவ்வளவு சிறிய விலகலுக்கு ஆபரேஷன் பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்கெல்லாம் அப்பாய்ன்ட்மென்ட் வாங்கி நிதானமாகப் போகலாம். திடீரென இரட்டையாகத் தெரிந்து, கூடவே இமை தொங்குவது, ஒரு கண்மணி பெரிதாவது, கடும் தலைவலி, பேச்சு குழறுவது என எதுவும் இருந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாலையில் இமையும் தளர்ந்து விழுகிறது என்றாலோ, சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ இருந்தாலோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாறுகண் குடும்பங்களில் தொடர்வதுண்டு. குழந்தைகளிடம் இது வேறு விதமாக நடக்கும். அவர்களுடைய மூளை விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். இரண்டாகவும் தெரியாது, வலியும் இருக்காது. அந்தக் கண் சத்தமில்லாமல் பார்வை மங்கி, சோம்பேறிக் கண் ஆகிவிடும். விலகல் வெளியே தெரிந்தாலும் 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடும் வீடுகள் இன்றும் இருப்பது எனக்கு வருத்தம். மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு, ஏழு வயதுக்குள் தொடங்கினால், நல்ல கண்ணைத் தினம் 2 மணி நேரம் மூடிவைத்தாலே நல்ல பலன் கிடைக்கிறது. மகளுக்கு ஆறு வயது. உங்களுக்கு அப்பாய்ன்ட்மென்ட் வாங்கும் அதே நாளில் அவளுக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள்.