ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனது ஊழலுக்காகவா?

கேள்வி: தென்னாப்பிரிக்க முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா மேல் 2005 முதல் ஊழல் வழக்கு இருக்கிறது. 2021இல் சிறைக்கும் போய்விட்டார். அப்படியென்றால் ஊழல் நிரூபணமாகிவிட்டதா? "விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளிவிட்டார்கள்" என்று அவர் ஆதரவாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

பதில்:

நிரூபணமாகவில்லை. 2021இல் அவர் சிறைக்குப் போனது நீதிமன்ற அவமதிப்புக்காக. ஊழல் வழக்கு 2025 நடுப்பகுதி வரைக்கும் சாட்சி விசாரணையைக்கூட எட்டவில்லை. ஆயுதபேர ஊழல், ந்காண்ட்லா வீட்டுச் செலவு, தொழிலதிபர்களான குப்தா சகோதரர்கள் பற்றிய விசாரணை ஆணையம் என்று மூன்று தனித்தனி விவகாரங்கள் இருக்கின்றன. பேசுகிறவர்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால்தான் அவர் எங்கே தப்பித்தார், எங்கே சிக்கினார் என்பது விளங்கும்.

முதலில் ஆயுதபேரம். 1999இல் தென்னாப்பிரிக்கா போர்க்கப்பல், நீர்மூழ்கி, போர் விமானம் என்று சுமார் 3,000 கோடி ராண்டுக்கு வாங்கியது. கப்பல்களின் போர்க் கருவிகளுக்கான ஒப்பந்தத்தில் இன்று தாலேஸ் என்று அழைக்கப்படும் பிரெஞ்சு நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. விசாரணையிலிருந்து அந்த நிறுவனத்தைக் காப்பாற்ற ஜூமாவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ராண்ட் தரப் பேசினார்கள், இடையில் நின்றவர் அவருடைய நிதி ஆலோசகர் ஷபீர் ஷேக் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. டர்பன் தொழிலதிபரான ஷேக்குக்கு 2005 ஜூனில் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் அதிபர் தாபோ உம்பெக்கி, துணை அதிபராக இருந்த ஜூமாவைப் பதவியிலிருந்து நீக்கினார்.

பலரும் தப்பாகச் சொல்லும் ஓர் எண்ணையும் இங்கே திருத்திவிடலாம். "783 குற்றச்சாட்டுகள்" என்று செய்திகளில் வருகிறது. 783 என்பது பணம் கைமாறிய தடவைகளின் எண்ணிக்கை. ஷேக் தரப்பிலிருந்து ஜூமாவுக்காகச் செலுத்தப்பட்ட தொகைகள் அவை, மொத்தம் சுமார் 40 லட்சம் ராண்ட். குற்றச்சாட்டுகள் 16. அவற்றில் 12 மோசடி, மீதி ஊழல், பணச்சலவை, சட்டவிரோதக் கூட்டுச்செயல்.

இந்த வழக்கு இருபது ஆண்டு இழுக்க ஜூமாவின் சாமர்த்தியம் மட்டும் காரணமல்ல. அரசுத் தரப்பின் பிழைகள் பெரியவை, அதை மறைத்துப் பேசக்கூடாது. 2003இல் அரசு வழக்குத் தொடுப்புத் துறைத் தலைவர் புலெலானி இங்குக்கா, "முகாந்திரம் இருக்கிறது, ஆனால் வழக்குப் போடவில்லை" என்று வெளிப்படையாக அறிவித்தார். ஒருவர் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு அதைக் கழுவ நீதிமன்றத்தையும் தராமல் விட்டது போல அது. 2005இல் வழக்குப் போட்டவர்கள் 2006இல் தயாராக வராமல் வாய்தா கேட்டார்கள். நீதிபதி வழக்கையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். 2007 டிசம்பரில் போலோக்வானே மாநாட்டில் ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவராக, உம்பெக்கியையே தோற்கடித்து ஜூமா வந்தார். அடுத்த சில நாளில் மறுபடியும் குற்றப்பத்திரிகை. வழக்குக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது என்று கோடிக்கணக்கானவர்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சந்தேகத்துக்கு உயிர் கொடுத்தவை தொலைபேசி ஒலிப்பதிவுகள். போலோக்வானே மாநாட்டுக்கு முன்னால் வழக்குப் போடுவதா, பின்னால் போடுவதா என்று புலனாய்வுப் பிரிவின் தலைவரும் இங்குக்காவும் பேசிக்கொண்டது அவற்றில் பதிவாகியிருந்தது. அதைக் காட்டி 2009 ஏப்ரல் 6 அன்று வழக்கு கைவிடப்பட்டது. பதினாறு நாள் கழித்துப் பொதுத்தேர்தல். மே மாதம் ஜூமா அதிபர்.

கைவிட்ட முடிவை எதிர்த்து எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணி நீதிமன்றம் போனது. எட்டாண்டு நடந்தது. அந்த ஒலிப்பதிவுகளைக் கையில் வாங்கவே பல ஆண்டு ஆயிற்று. 2017இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜூமாவின் வழக்கறிஞரே, 2009 முடிவு சட்டப்படி நிற்காது என்று ஒப்புக்கொண்டார். எட்டாண்டு எதிர்த்து வாதாடியதை ஒரு நாளில் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள் ஜூமாவின் இரண்டாவது பதவிக்காலமும் பாதியைத் தாண்டியிருந்தது. வழக்கைத் திரும்ப எடுப்பதாக 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அவர் பதவி விலகியிருந்தார்.

இந்த முறைக்குத் தென்னாப்பிரிக்க வழக்கறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டாலின்கிராட் தற்காப்பு'. வீடு வீடாக நின்று சண்டை போடுவது என்று அர்த்தம். குற்றத்தை மறுத்து வாதாடும் நாள் வரவே விடாமல், அதற்கு முன்னால் உள்ள ஒவ்வொரு படியிலும் தகராறு செய்ய வேண்டும். ஓர் இடைநிலை மனு போட்டால் முதலில் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு. தள்ளுபடியானால் மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு அதே நீதிபதியிடம் மனு. அவரும் மறுத்தால் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம். அங்கே இரண்டு நீதிபதிகள் மறுத்தால் அந்த நீதிமன்றத் தலைவரிடம் மறுபரிசீலனை. கடைசியில் அரசியல் சாசன நீதிமன்றம். ஒரே மனு ஒன்றரை, இரண்டு ஆண்டைத் தின்றுவிடும். முடிந்ததும் அடுத்த மனு.

2021 மே 26 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஜூமா "குற்றவாளி அல்ல" என்று சொன்னார். விசாரணை தொடங்கியது என்று எல்லோரும் எழுதினார்கள். கூடவே, அரசு வழக்கறிஞர் பில்லி டவுனருக்கு இந்த வழக்கை நடத்தத் தகுதியில்லை என்று ஒரு சிறப்பு வாதத்தையும் வைத்தார். அது தோற்றது, அதன்மேல் மேல்முறையீடுகள். பிறகு தன் மருத்துவக் கடிதத்தைப் பத்திரிகையாளருக்குக் கசியவிட்டார் என்று டவுனர் மேலேயே தனிநபர் குற்ற வழக்கு. அந்தக் கடிதம் ஏற்கெனவே நீதிமன்ற ஆவணமாக இருந்தது. தனிநபர் வழக்கு நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். பல ஆண்டுகள் அரசுக் கஜானா கொடுத்தது. சொந்தக் குற்ற வழக்குக்கு அரசு செலவழிக்கக்கூடாது, கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. சாதாரண ஆள் ஒருவர் இந்த உத்தியில் மூன்றாவது மனுவிலேயே நொடித்துப் போயிருப்பார். என் பார்வையில் இந்த வழக்கின் பெரிய அநியாயம் இதுதான்.

இனி அவர் சிக்கிய இடம். குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ந்காண்ட்லா அவருடைய ஊர். அங்கே அவர் வீட்டில் பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரில் அரசு செலவழித்தது 24 கோடியே 60 லட்சம் ராண்ட் வரை போகலாம் என்று 2014 மார்ச்சில் துலி மடோன்செலா அறிக்கை கொடுத்தார். அவர் 'பப்ளிக் புரொடெக்டர்', நம் லோக்ஆயுக்தாவோடு ஓரளவு ஒப்பிடக்கூடிய, ஆனால் அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்ற பதவி. பார்வையாளர் கூடம், திறந்தவெளி அரங்கு, மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணை, நீச்சல் குளம் இந்த ஐந்தும் பாதுகாப்பு அல்ல, அவற்றின் செலவில் நியாயமான பங்கை ஜூமா கட்டவேண்டும் என்றார். கவனியுங்கள், 24 கோடியையும் கட்டச் சொல்லவில்லை.

ஜூமா கட்டவில்லை. அவருடைய காவல் துறை அமைச்சரே வேறோர் அறிக்கை தயாரித்தார். 2015 மே மாதம் பத்திரிகையாளர்களைக் கூட்டி அமைச்சர் சொன்னது: அது நீச்சல் குளம் அல்ல, தீயணைக்கும் குளம். கூரை வேய்ந்த வீடுகள், பக்கத்தில் தீயணைப்பு நிலையம் கிடையாது, குளத்திலிருந்து தண்ணீர் இறைத்துத்தான் அணைக்கவேண்டும். தீயணைப்பு வீரர்கள் குழாயை விட்டு அந்தக் குளத்து நீரைப் பீய்ச்சும் காணொலியையும் போட்டுக் காட்டினார்கள். ஜூமா ஒரு காசும் கட்டத் தேவையில்லை என்பது முடிவு. நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சி அதை ஏற்றுக்கொண்டது. "பணத்தைத் திருப்பிக் கட்டு" என்று 2014 ஆகஸ்டிலேயே அவையில் கோஷம் போட்ட பொருளாதார விடுதலைப் போராளிகள் கட்சிதான் வழக்கை அரசியல் சாசன நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

2016 மார்ச் 31 தீர்ப்பை அடித்தளமாக எடுத்துக்கொள்ளாமல் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. பப்ளிக் புரொடெக்டர் சொல்வது வெறும் யோசனையல்ல, கட்டுப்படுத்தும். உடன்பாடில்லை என்றால் நீதிமன்றம் போய் ரத்து வாங்கவேண்டும். இன்னொரு அறிக்கை எழுதித் தள்ளிவிட முடியாது. அதிபர் அரசியல் சாசனத்தைக் காக்கத் தவறினார், நாடாளுமன்றமும் தவறியது. அத்தனை நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 60 நாளில் தொகையை நிதித்துறை கணக்கிட வேண்டும், அதற்குப் பிறகு 45 நாளில் ஜூமா சொந்தப் பணத்தில் கட்டவேண்டும். நிதித்துறை போட்ட கணக்கு சுமார் 78 லட்சம் ராண்ட். அன்றைய மதிப்பில் மூன்றரைக் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வங்கிக் கடன் வாங்கி 2016 செப்டம்பரில் கட்டினார். முதலிலேயே கட்டியிருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

அதே மடோன்செலா அடுத்துக் கொடுத்த அறிக்கை குப்தாக்களைப் பற்றியது. உத்தரப் பிரதேசம் சஹாரன்பூரிலிருந்து போன அந்தக் குடும்பம் அமைச்சர் பதவிகளையே பேரம் பேசியது என்பது புகார். துணை நிதியமைச்சர் ஜோனாஸ், 60 கோடி ராண்ட் தருவதாகத் தன்னிடம் சொன்னார்கள் என்று சாட்சி சொன்னார். விசாரணை ஆணையம் அமைக்க வேண்டும், ஆனால் நீதிபதியை ஜூமா தேர்ந்தெடுக்கக்கூடாது, தலைமை நீதிபதி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மடோன்செலா உத்தரவிட்டார். ந்காண்ட்லா தீர்ப்பு இருந்ததால் ஜூமாவால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. நீதிபதி ரேமண்ட் சோண்டோ தலைமையில் ஆணையம் வந்தது.

2020 நவம்பர் 19. சோண்டோ விலகவேண்டும் என்ற ஜூமாவின் மனு தள்ளுபடியானது. இடைவேளை விட்டார்கள். ஜூமா அனுமதி கேட்காமல் எழுந்து போய்விட்டார், திரும்பவில்லை. ஆணையம் நேராக அரசியல் சாசன நீதிமன்றம் போனது. 2021 ஜனவரியில் "ஆஜராகு" என்று உத்தரவு. போகவில்லை. நீதிமன்றத்துக்குப் பதில் மனுகூடப் போடவில்லை. ஜூன் 29 அன்று 15 மாதச் சிறை.

குற்றவியல் நீதிமன்றத்தில் பலித்த உத்தி இங்கே பலிக்காததற்குக் காரணம் எளிது. அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு மேலே நீதிமன்றம் இல்லை. ஏறிப்போகப் படியே கிடையாது. ஜூலை 7 நள்ளிரவுக்குச் சற்று முன் அவர் சரணடைந்தார்.

ஆதரவாளர்களின் வாதத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம் உண்டு. குற்ற விசாரணை நடத்தாமல், மேல்முறையீட்டு வழியும் இல்லாத ஒரே நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது சாதாரண விஷயமல்ல. ஒன்பது நீதிபதிகளில் இருவரே அதை ஏற்கவில்லை. அவமதிப்பு நடந்தது உண்மை, ஆனால் ஆஜராக வைக்கும் நோக்கமில்லாமல் தண்டனையாக மட்டும் சிறை விதிப்பதற்குக் குற்றவியல் நடைமுறைதான் சரி என்றார்கள். சட்டம் படிப்பவர்கள் அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பை அவசியம் வாசிக்கவேண்டும். ஆனால் "அவருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை" என்ற மறுபாதி பொய். தண்டனை என்னவாக இருக்கவேண்டும் என்று அவரிடமே நீதிமன்றம் வாக்குமூலம் கேட்டது. அவர் தலைமை நீதிபதிக்கு நீண்ட கடிதம் எழுதினார், வாக்குமூலம் கொடுக்கவில்லை.

சிறைக்குப் போன அடுத்த சில நாளில் குவாசூலு-நட்டால், கௌடெங் மாகாணங்களில் வெடித்த கலவரத்தில் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ் வம்சாவளியினரும் கணிசமாக வாழும் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் அங்கு வசித்தவர்கள் ஆயுதத்தோடு தடுப்பரண் போட்டு நின்றதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

சிறையில் அவர் இருந்தது இரண்டு மாதம். 2021 செப்டம்பரில் மருத்துவப் பரோல். அது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்து, 2023 ஆகஸ்டில் மறுபடி சிறை வாசலுக்குப் போனவர், பொதுத் தண்டனைக் குறைப்பின் பேரில் அன்றே வீடு திரும்பினார்.

2024இல் எம்.கே. என்ற புதிய கட்சியின் முகமாகத் தேர்தலுக்கு வந்தபோது அந்த 15 மாதம் மறுபடி குறுக்கே நின்றது. 12 மாதத்துக்கு மேல் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்தாண்டு வரை நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. மேல்முறையீடே செய்ய முடியாத தண்டனை அந்த விதியில் வராது என்று அவர் தரப்பு வாதாடியது. தேர்தல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது, அரசியல் சாசன நீதிமன்றம் மே 20 அன்று அதை மாற்றியது. வாக்குச்சீட்டில் அவர் படம் மட்டும் இருந்தது. கட்சி 14.58 சதவீத வாக்கும் 58 இடமும் பெற்றது. 1994 முதல் பெரும்பான்மையோடு ஆண்ட ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 40 சதவீதத்தில் நின்றது.

ஆயுதபேர வழக்கு இன்னும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் இருக்கிறது. முக்கியச் சாட்சிகள் இருவர் இறந்துவிட்டதால் இனி நியாயமான விசாரணை சாத்தியமில்லை, வழக்கை முடித்துவிடுங்கள் என்று தாலேஸ் கேட்டது. தன்னையும் விடுவிக்கவேண்டும் என்று ஜூமாவும் சேர்ந்துகொண்டார். 2025 ஜூனில் நீதிபதி இரண்டு மனுக்களையும் தள்ளுபடி செய்தார். அப்போது ஜூமாவுக்கு வயது 83.