துப்புகிற எயார்பிரஷ், உருகின ரெஜிபோம், செம்மண் புழுதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மேசைப் போர் விளையாட்டுக்குக் காடு, குளக்கட்டு, கோட்டைச் சுவர் எல்லாவற்றையும் வீட்டிலேயே வெட்டி ஒட்டி, அதற்கு எயார்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ற்றைப் புகை மாதிரித் தெளிக்கிற, பேனா போன்ற கருவி) அடிக்கப் பழகுகிறவர்கள் வன்னிக்குள் இத்தனை பேர் இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி, கேட்ட விதம்தான் வேறு, அதனால் சேர்த்து எழுதுகிறேன். பதில்களுக்குள் திரும்பத் திரும்ப வரப்போகிற ஒன்றை இப்போதே சொல்லிவிட்டால் எனக்கும் லேசு: டெரெய்னில், அதாவது மேசையில் வைக்கிற இந்தக் காடு, கட்டு, சுவர்களில், எயார்பிரஷ் கடைசிக் கை. அடிநிறம், கரடுமுரடு, கல் வெடிப்பு எல்லாம் சாதாரண பிரஷின் வேலை. வெளிச்சம், நிழல், புழுதி, இந்த மூன்றுக்கும்தான் எயார்பிரஷை எடுக்கவேண்டும்.

அண்ணை, முதல் எயார்பிரஷ் வாங்கி இரண்டு கிழமை. ஐந்து நிமிசம் நல்லாய் அடிக்குது, பிறகு துப்புது, பிறகு ஒன்றும் வருகுதில்லை. சாமான் பிழையோ? (கிளிநொச்சி)

சாமானைத் திட்டாதீர்கள் தம்பி. முதலில் பெயின்ற் விடுகிற கப்பில் வெறும் தண்ணீர் விட்டு அடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒழுங்காக வந்தால் பிழை பெயின்ற்றில். தண்ணீரும் துப்பினால், அல்லது கப்புக்குள் குமிழி கிளம்பினால், நொசில் (பெயின்ற் வெளியே வருகிற சின்ன நுனித்துண்டு) சரியாக உட்காரவில்லை அல்லது வெடித்துவிட்டது.

ஆனால் ஐந்து நிமிடம் நல்லாக அடித்துவிட்டுத்தான் துப்புகிறது என்றால் எனக்குச் சந்தேகம் நொசிலுக்குள் நிற்கிற ஊசியின் நுனியில். அக்ரிலிக் பெயின்ற் காற்றில் சீக்கிரம் காயும். நீங்கள் எழுதிய மாதம் சோளகம் அடிக்கிற மாதம், திறந்த விறாந்தையில் இருந்து அடிக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அந்தக் காற்றில் துவைத்துப் போட்ட சாரமே அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், ஊசி நுனியில் நிற்கிற ஒரு துளி எத்தனை நொடி தாங்கும்? அறைக்குள் போங்கள், அல்லது மூன்று பக்கம் அட்டை மறைப்பு வையுங்கள். பக்கத்தில் ஈரமான சின்ன பிரஷ் ஒன்று இருக்கட்டும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஊசி நுனியைத் துடையுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கிடைத்தால் கப்புக்கு ஒரு துளி போதும், கூடினால் பெயின்ற் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

விரல் பழக்கத்தையும் கவனியுங்கள். இரட்டைச் செயல் எயார்பிரஷில் கீழே அமத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ற். தொடங்கும்போது காற்றை முதலில் விடவேண்டும். நிறுத்தும்போது பெயின்ற்றை முதலில் நிறுத்தி, காற்று இன்னும் ஒரு கணம் ஓடி நுனியைத் துடைத்த பிறகுதான் விரலை எடுக்கவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் விரலைச் சட்டென்று தூக்கிவிடுகிறார்கள், கடைசித் துளி நுனியிலேயே நின்று காய்கிறது. இந்த ஒன்றைத் திருத்தினாலே உங்கள் முறைப்பாட்டில் முக்கால்வாசி போய்விடும்.

பதம் பசும்பால். கிளாசில் பாலை ஒரு சுற்றுச் சுற்றினால் விளிம்பில் மெல்லிய படையாக வழிந்து இறங்கும் இல்லையா, அதுதான். தயிர் மாதிரி ஒட்டி நின்றால் அடைக்கும். மோர்த்தண்ணி மாதிரி இருந்தால் சுவரில் பட்டதும் சிலந்திக்கால் போலப் பிரிந்து ஓடும். கலப்பதற்குக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள், கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிற அதே தண்ணீர்தான் அது. குடிக்க வாங்குகிற பில்டர் தண்ணீர் போதும்.

ரெஜிபோமில் கோட்டைச் சுவர் செய்து ஸ்பிரே கான் அடித்தேன். சுவர் உருகிப்போச்சு. எயார்பிரஷ் அடித்தாலும் உருகுமா? (புதுக்குடியிருப்பு)

உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. மூன்று நாள் இருந்து கல் கல்லாகக் கீறிய சுவர், அடித்து முடித்த கையோடு கறையான் புற்று மாதிரி ஆகிவிட்டது. ஸ்பிரே கானில் இருக்கிற கரைப்பானும் அதைத் தள்ளுகிற வாயுவும்தான் போமைத் தின்பவை. எயார்பிரஷில் நீங்கள் விடுவது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்றால் ஒன்றும் ஆகாது. தின்னரில் கலக்கிற பெயின்ற் என்றால் எயார்பிரஷில் விட்டாலும் அதே கதிதான்.

எப்படியும் வெறும் போமில் அடிக்கவேண்டாம். வெள்ளைப் பசையும் கறுப்பு அக்ரிலிக்கும் அரைக்கரைவாசி கலந்து இரண்டு தடவை பிரஷால் பூசுங்கள், கீறல்களுக்குள் போகும்படி குத்திக் குத்திப் பூசவேண்டும். உருண்டை உருண்டையாக உதிர்கிற பொதி ரெஜிபோமை விட்டு, கத்தி வைத்தால் வழுவழுவென்று வெட்டுப்படுகிற அடர்த்தியான போம் பலகை கிடைத்தால் அதை எடுங்கள். அடிப்பலகைக்கு அட்டை வேண்டாம். என்னுடைய முதல் குளக்கட்டை மாரி முடிந்து எடுத்துப் பார்த்தபோது அடியில் கறையான் குடியிருந்தது.

கொம்பிரசர் வாங்க இப்போது வசதியில்லை. ரயர் கடைக் கொம்பிரசர் சரிவருமா? கறண்ட் போனால் என்ன செய்வது? (மாங்குளம்)

சரிவரும். 24 லீற்றர் தாங்கியோடு 8 பார் அழுத்தம் வரைக்கும் ஏறுகிற சாதாரண கொம்பிரசர் போதும், சத்தத்தை வீட்டுக்காரர் பொறுத்துக்கொண்டால். அதற்கு அழுத்தம் குறைக்கிற ரெகுலேற்றரும் தண்ணீர் பிடிக்கிற கிண்ணமும் கட்டாயம். டெரெய்னுக்கு 25 முதல் 30 பிஎஸ்ஐ (ரயருக்குக் காற்றடிக்கிற அதே அழுத்த அளவு), அதாவது கிட்டத்தட்ட 2 பார். விளையாடுகிற சின்ன மனித உருவங்களுக்கு 15 முதல் 20.

கறண்ட் இல்லாத நேரத்துக்குப் பழைய வித்தை ஒன்று: வானின் ஸ்பெயார் சில்லு. ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற அளவைத் தாண்டாமல் 50 பிஎஸ்ஐ வரை காற்றடித்து, வால்வில் குழாயை மாட்டி, நடுவில் ரெகுலேற்றரை வையுங்கள். கணக்கைப் பாருங்கள்: ரயருக்குள் சுமார் 40 லீற்றர் இடம். 50இல் இருந்து 20க்கு இறங்கும்வரை கிடைப்பது ஏறக்குறைய 80 லீற்றர் காற்று. எயார்பிரஷ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் குடிக்கும். ஐந்து நிமிடத்துக்குக் குறையாது, ஒரு சுவருக்குப் புழுதி அடிக்க அது தாராளம். உழவு மெசின் சில்லு பெரிது என்று அதை உருட்டிக்கொண்டு வராதீர்கள், அதற்குள் இருக்கிற அழுத்தமே உங்களுக்குத் தேவையானதைவிடக் குறைவு. ரயர் இல்லாமல் வெறும் ரியூப்புக்குக் காற்றடிக்கவே வேண்டாம், வெடிக்கும்.

நாங்கள் பட்டது போதாதா, பிள்ளைகளுக்குச் சண்டை விளையாட்டும் பழக்க வேண்டுமா? (முள்ளியவளை)

இதே கேள்வியை அம்மா என்னிடம் நேரே கேட்டிருக்கிறார் ஐயா, அவரிடமும் எனக்கு முழுப் பதில் இருக்கவில்லை. என் மேசை 1803இல் நிற்கிறது. அந்த வருடம் ஓகஸ்ட் 25 பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் இருந்த முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது, ஒக்டோபர் 31 கப்டன் டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தது, இந்த இரண்டும்தான் நான் செய்கிற மேசைகள். அதற்குப் பிந்திய எதையும் நான் செய்வதில்லை. பதுங்குகுழியும் மண்மூட்டையும் செய்து தரச்சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள், ஏலாது என்றேன், காரணம் கேட்டபோது சொல்ல வரவில்லை. மற்றவர்கள் செய்தால் அது அவர்கள் பாடு.

என் வீடுகள் எல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. நிறம் சரி, ஆனால் எங்கட ஊர் மாதிரி இல்லை. என்ன குறை? (ஒட்டுசுட்டான்)

புழுதி குறை. இந்தக் கேள்விக்காகவே இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம்.

உங்கள் ஊரிலேயே கிரவல் ரோட்டுக் கரையில் ஒரு தேக்க மரத்தடியில் நின்று பாருங்கள். இலையின் மேற்பக்கம் சிவப்பு, புரட்டினால் கீழ்ப்பக்கம் பச்சை. அப்படியென்றால் எயார்பிரஷ் எங்கேயிருந்து வரவேண்டும்? மரம் முழுக்கப் பச்சை அடித்து முடித்த பிறகு, மேலேயிருந்து மட்டும், ரோட்டுப் பக்கம் கூட, மறுபக்கம் குறைய.

பிறகு பீலி இல்லாத பழைய வீடு ஒன்றின் சுவரைப் பாருங்கள். தாவாரத் தண்ணீர் நிலத்தில் விழுந்து செம்மண்ணைத் தெறிக்க வைத்து, சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கரை கட்டியிருக்கும். கிட்டப் போனால் அது கரை இல்லை, ஆயிரம் பொட்டு. கீழே நெருக்கமாக, மேலே போகப்போக ஐதாக. கூரை முன்னுக்கு நீண்டிருக்கிற இடத்தில் அது குறைவு, மூலையில் கூட. எங்கள் ஆட்கள் செய்கிற பிழை, செங்கபில நிறத்தை எடுத்துச் சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் பட்டி அடிப்பது. அது கோயில் மதில் மாதிரித்தான் இருக்கும்.

நான் செய்கிற விதம் இது. சுவருக்கு மங்கல் வெள்ளை பிரஷால். காய்ந்ததும் எயார்பிரஷில் கடுங்கபிலம், தாவாரத்துக்குக் கீழும் மூலைகளிலும், நிழலுக்கு. பிறகு மேலேயிருந்து வெளிச்சத்துக்கு வெள்ளை. கடைசியில் புழுதி: செங்கபிலத்தில் கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து, ஒரு துளி பெயின்ற்றுக்கு நான்கைந்து துளி தண்ணீர், 15 பிஎஸ்ஐ, ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் குறைய நின்று, எயார்பிரஷ் நிலத்தோடு கிடந்து மேல்நோக்கிப் பார்க்கவேண்டும். 28 மில்லிமீற்றர் உயர உருவத்தின் முழங்கால் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர்தான், அதற்குமேல் புகை மாதிரி மங்கிப் போகட்டும். ஒருமுறை அடித்தால் ஒன்றும் தெரியாது, மூன்றாம் முறைதான் கண்ணுக்குப் படும், அவசரப்பட்டுப் பெயின்ற்றைத் தடிப்பாக்காதீர்கள். பொட்டுகளுக்கு எயார்பிரஷ் வேண்டாம், பழைய பல்துலக்கும் பிரஷில் அதே நிறத்தைத் தொட்டு விரலால் தெறித்துவிடுங்கள்.

நிலத்துக்கு உண்மையான செம்மண் போடுகிறவர்கள் அரித்து, தாச்சியில் வறுத்து, ஆறவிட்டு ஒட்டுங்கள். பசைபட்ட மண் இருண்டுபோகும், அதனால் மேலே வெளிறிய நிறம் ஒன்று மெல்லியதாக அடிக்கவேண்டும். அடிக்க முன்னர் தண்ணீர் கலந்த பசையை மண்ணுக்கு மேல் இன்னொரு தரம் விட்டு முழுக்கக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் எயார்பிரஷ் காற்றில் மண் கிளம்பிப்போய் உங்கள் வெள்ளைச் சுவரில் ஒட்டும். (அதுவும் புழுதிதானே என்று ஒருவர் கேட்டார். இல்லை, அது பருக்கை.)

பனைமரம் எவ்வளவு உயரம் செய்யவேண்டும்? (வவுனியா)

28 மில்லிமீற்றர் உருவத்துக்கு அளவுவிகிதம் ஏறக்குறைய 1க்கு 56. 20 மீற்றர் பனை 36 சென்ரிமீற்றர் வரும். அப்படிச் செய்தால் முதல் ஆட்டத்திலேயே யாரோ ஒருவரின் முழங்கை தட்டி விழுத்தும். நான் 22 சென்ரிமீற்றரில் நிறுத்திவிடுவேன், பனைக்காரர் மன்னிக்கவேண்டும்.

மாரியில் அடித்தால் பெயின்ற்றோடு தண்ணீர்த் துளியும் சேர்ந்து வருகுது. (துணுக்காய்)

ஈரக்காற்றை அமத்தினால் அதில் இருக்கிற நீர் தாங்கிக்குள்ளும் குழாய்க்குள்ளும் தண்ணீராக இறங்கும். வேலை முடிந்ததும் தாங்கியின் அடித்திருகைத் திறந்து வடியவிடுங்கள், வருகிற துருத்தண்ணியைப் பார்த்தால் பிறகு மறக்கமாட்டீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கொம்பிரசரின் வாயில் மட்டும் வைத்தால் போதாது. காற்று அங்கே சூடாக இருக்கும், குழாய் வழியே ஆறி வரும்போதுதான் மிச்சத் தண்ணீர் பிரியும், அதனால் எயார்பிரஷுக்குக் கிட்ட இன்னொரு சின்னக் கிண்ணம் மாட்டுங்கள். கடைசியில் அடிக்கிற மற் (பளபளப்பில்லாத) வார்னிஷை மழை நாளில் அடிக்காதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும்.

தண்ணீர்ப் பெயின்ற்றுக்கும் மாஸ்க் வேணுமா? (கிளிநொச்சி, வேறொரு தங்கை)

வேணும். மணம் இல்லை என்பதால் மூச்சுக்குள் போகவில்லை என்று அர்த்தமில்லை. தண்ணீர்ப் பெயின்ற்றுக்கு முகத்தோடு இறுகப் பொருந்துகிற என்95 போதும், தின்னர் வகைக்கு வாயுவைப் பிடிக்கிற கார்ட்ரிஜ் உள்ள மாஸ்க். கட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்த சிவப்பு, மஞ்சள் நிறங்களை எயார்பிரஷில் விடவே கூடாது, அவை பிரஷுக்கு மட்டும்.

கழுவிப் பூட்டும்போது நொசிலை எவ்வளவு இறுக்கவேண்டும்? (பரந்தன்)

விரலால் திருகி, நின்றதும் சின்னச் சாவியால் ஒரு தொடுகை. அவ்வளவுதான். நான் சைக்கிள் நட்டு இறுக்குகிற மாதிரி இறுக்கி இரண்டு நொசிலின் கழுத்தை முறித்திருக்கிறேன், இரண்டாவதின் புரி உள்ளே சிக்கி, ஊசியால் கிளறி எடுக்க ஒரு பின்னேரம் போனது. கழுவும்போது கீழே வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். சீமெந்து நிலத்தில் விழுந்த நொசில் கண்ணில் படாது, கூட்டுகிறவரின் விளக்குமாற்றில்தான் படும்.