வலிக்குதுன்னா எப்படி வலிக்குது? (வாசகர் கேள்வி, அக்கா பதில்)

கேள்வி: அக்கா, போன மாசம் வயித்து வலின்னு டாக்டர்கிட்ட போனேன். "எப்படிம்மா வலிக்குது?"ன்னு கேட்டார். "பெயின் டாக்டர், ரொம்ப பெயின்"ங்கிறத தாண்டி ஒரு வார்த்தை வாயில வரல. வெளிய வந்து அழுகையே வந்துடுச்சு. எம்.காம். படிச்சவ நான், எனக்கு ஏன் இப்படி?
(வாசகி, கரூர்)

பதில்: எம்.காமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எங்க அம்மாயி பள்ளிக்கூட வாசல மிதிச்சதே கிடையாது, ஆனா அவங்க வலிய சொன்னா கேக்குற நமக்கு வலிக்கும். முட்டி குடையுதும்பாங்க, கெண்டைக்கால் இழுக்குதும்பாங்க, நாள் பூரா களை எடுத்துட்டு வந்தா கை கால் உளையுது, இடுப்பு கடுக்குது, பல்லு வலி வந்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, பசிச்சா வயிறு பிசையுது. ஒவ்வொண்ணும் வேற வேற வலி, கவனிச்சீங்களா? நாமதான் அத்தனையையும் 'பெயின்'னு ஒரே டப்பாவுல போட்டு மூடிட்டோம்.

இதுல வேடிக்கை என்னன்னா 1975ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல ரொனால்ட் மெல்சாக்னு ஒருத்தர், நோயாளிங்க வலிய சொல்ல உதவணும்னே ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார், அதுல வலிக்கான வார்த்தை மட்டும் 78, அத 20 கூட்டமா பிரிச்சு வச்சிருந்தார். அதப் பத்தி படிச்சப்ப எனக்கு அம்மாயி ஞாபகம்தான் வந்துச்சு. டாக்டருங்களுக்கு அந்த வார்த்தை நெஜமாவே வேணும். எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்ங்குதுன்னு சொன்னா நரம்பு பக்கம் யோசிப்பாங்க, விட்டு விட்டு முறுக்கி பிடிக்குதுன்னா குடலையோ சிறுநீர்க் குழாயையோ யோசிப்பாங்க. வெறும் 'ரொம்ப பெயின்'ன வச்சு அவங்க என்ன செய்வாங்க பாவம்.

அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி வீட்டுலயே ஒரு துண்டு சீட்டுல எழுதிடுங்க: எங்க, எப்பருந்து, எந்த மாதிரி, என்ன செஞ்சா கூடுது, எதுல குறையுது. "நாலு நாளா மேல் வயிறு எரியுது டாக்டர், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்குது, படுத்தா கூடுது, எந்திரிச்சு உக்காந்தா கொஞ்சம் அடங்குது." அவ்ளோதான், பத்து செகண்டுல சொல்லிடலாம். ஒண்ணு மட்டும், நெஞ்சுல கல்ல தூக்கி வச்ச மாதிரி அழுத்தி வேர்த்து கொட்டுச்சுன்னா சீட்டெல்லாம் எழுதிட்டு உக்காராதீங்க, உடனே 108.

கேள்வி: பொண்ணு எட்டாவது படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். எத கேட்டாலும் 'கட் பண்ணு, வாஷ் பண்ணு, க்ளீன் பண்ணு'ன்னு மூணு வார்த்தையிலயே குடும்பம் நடத்துறா. தமிழ் வார்த்தை ஏற என்ன புக் வாங்கித் தரலாம்?
(வாசகி, மதுரை)

பதில்: புக்க அப்புறம் பாப்போம். ஞாயித்துக்கிழமை அவள அடுப்படிக்கு கூப்பிடுங்க, திட்டாம. வெங்காயத்த நறுக்கணும், வெண்டைக்காய அரியணும், பச்சமிளகாய கீறணும், தேங்காய துருவணும், கேரட்ட தோல் சீவணும், பூண்ட உரிக்கணும், இஞ்சிய தட்டணும், மல்லித்தழைய கிள்ளணும், அரைக்கீரைய ஆயணும், முருங்கக்கீரைன்னா உருவணும். இவ்ளோ வேலையும் அவ கணக்குல 'கட் பண்ணு'. கழுவுற பக்கம் வாங்க, அரிசிய களையுறோம், பாத்திரத்த விளக்குறோம், துணிய துவைச்சு அலசுறோம், தரைய துடைக்கிறோம். "அரிசிய துவைச்சு வை"ன்னு சொல்லிப் பாருங்க, அவளே சிரிச்சுடுவா, அந்தச் சிரிப்புலயே தெரிஞ்சுடும் அவளுக்கு வார்த்தை உள்ள இருக்கு, வாய் வரைக்கும் வரதுதான் இல்லன்னு.

நம்ம வீட்டுல சொல் குறைஞ்சது பெயர்ச்சொல்லுல இல்லங்கிறது என் எண்ணம். பஸ்ஸு, போனுன்னு சொல்றதால தமிழ் ஒண்ணும் தேஞ்சு போயிடல. போனது வினைச்சொல்தான், எல்லா வினைக்கும் பதிலா ஒரு இங்கிலீஷ் வார்த்தைய போட்டு பின்னாடி 'பண்ணு'வ ஒட்டிட்டோம். அதனால ஒரு விளையாட்டு வைங்க, சமையல் முடியுற வரைக்கும் யாரு 'பண்ணு' சொன்னாலும் உண்டியல்ல ஒரு ரூபா. எங்க வீட்டுல ஆடுனப்ப அதிகமா கட்டுனது நான்தான், வெளிய சொல்லாதீங்க.

புக்குன்னு கேட்டதால, க்ரியாவோட தற்காலத் தமிழ் அகராதி ஒண்ணு வீட்டுல இருக்கட்டும். 1992ல முதல்ல வந்துச்சு, அப்புறம் விரிவாக்கி திருத்தி மறுபடியும் போட்டாங்க. நிறைய சொல்லுக்கு அத எப்படி பயன்படுத்துறதுன்னு வாக்கியமும் இருக்கும், பிள்ளைங்களுக்கு அதுதான் தேவை. பழைய சொல்லு தேடணும்னா சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன், 1924ல ஆரம்பிச்சு 1936ல முடிச்ச ஆறு தொகுதி, லட்சம் சொல்லுக்கு மேல. வாங்கி அடுக்க வேணாம், சிகாகோ பல்கலைக்கழகம் அத இணையத்துல ஏத்தி வச்சிருக்கு, போன்லயே தேடலாம்.

கேள்வி: மேடம், நான் கம்பெனில மெஷின் ஓட்டுறேன். இங்கிலீஷ் டிக்‌ஷனரில தினம் பத்து வார்த்தைன்னு மனப்பாடம் பண்றேன். ஒரு வாரத்துல ஒண்ணும் நிக்கல. எனக்கு மண்டையில ஏறாதா?
(வாசகர், ஓசூர்)

பதில்: மண்டை நல்லாத்தான் இருக்கு தம்பி, முறைதான் சரியில்ல. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைங்களா மனப்பாடம் பண்ணி தன்ன வச்சே சோதனை பண்ணி பாத்துட்டார், ஒரு நாளைக்குள்ளயே பாதிக்கு மேல போயிடுது, மறக்குற நேரத்துல திரும்ப திரும்ப பாத்தாதான் தங்குது. 1972ல லைட்னர்ங்கிறவர் இதுக்கு ஒரு அட்டைப்பெட்டி முறை சொன்னார். பழைய செருப்பு டப்பா போதும், உள்ள அஞ்சு தடுப்பு, வார்த்தைய அட்டையில எழுதி முதல் தடுப்புல போடுங்க. தெரிஞ்சா அடுத்த தடுப்புக்கு தள்ளுங்க, தெரியலன்னா எங்க இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்ப வரணும். முதல் தடுப்ப தினம் பாருங்க, பின்னாடி போகப் போக நாள் தள்ளி பாத்தா போதும். பத்து வேணாம், தினம் மூணு எடுங்க.

ஆனா அட்டையில தனி வார்த்தைய எழுதாதீங்க, அதுதான் பெரிய தப்பு. வார்த்தைக்கு ஜோடி உண்டு. தமிழ்ல வெயில் கொளுத்தும், மழை கொட்டும், தூறல் போடும், இத யாரும் நமக்கு சொல்லித் தரல, ஜோடியாவே காதுல விழுந்துச்சு. இங்கிலீஷும் அப்படித்தான். நாம 'தப்பு பண்ணிட்டேன்'ங்கிறத அப்படியே தூக்கிட்டு போய் 'டூ மிஸ்டேக்'னு சொல்றோம், அங்க மிஸ்டேக்குக்கு ஜோடி 'மேக்'. 'டிஸ்கஸ்'க்கு பின்னாடி 'அபவுட்' வராது, 'ரிட்டர்ன்'க்கு பின்னாடி 'பேக்' வேணாம். இந்த மாதிரி நீங்க நேத்து தப்பா சொன்ன வாக்கியத்த சரியாக்கி அட்டையில எழுதுங்க. உங்க ஷிஃப்டுல, உங்க மெஷின் பக்கத்துல தேவைப்படுற வார்த்தைதான் முதல்ல.

கேள்வி: வாட்ஸ்அப்ல மாமியாருக்கு 'சாவி குடுங்க'ன்னு அனுப்புனேன். அதிகாரம் பண்றேன்னு கோவம்.
(வாசகி, திருச்சி)

பதில்: நேர்ல சொன்னா குரல் பாதி வேலைய செஞ்சுடும், எழுத்துல அது இல்ல. அதனால எழுத்துல கொஞ்சம் தளர்த்தி எழுதணும். 'அத்தை, சாவிய குடுத்து அனுப்புறீங்களா?' இந்த 'றீங்களா'வுல அவங்க முடியாதுன்னு சொல்றதுக்கும் இடம் இருக்கு பாருங்க, மரியாதை அங்கதான். உரிமையா கேக்கணும்னா 'குடுங்களேன்'. 'குடுங்க'வுல 'ங்க' இருந்தும் உத்தரவாத்தான் விழும். அப்புறம் அவங்க நாலு வரி எழுதுனா வெறும் 'ம்' போடாதீங்க, அதுக்கு போன் பண்ணிடலாம்.

கேள்வி: மீட்டிங்ல பேச ஆரம்பிச்சா நிறுத்த தெரியல. எல்லாரும் போன பாக்க ஆரம்பிச்சுடுறாங்க.
(வாசகர், சென்னை)

பதில்: 13ஆம் நூற்றாண்டுலயே பவணந்தி முனிவர் நன்னூல்ல ஒரு நூலுக்கு பத்து குத்தம்னு பட்டியல் போட்டிருக்கார், உங்க மீட்டிங்க பாத்துட்டு எழுதுன மாதிரியே இருக்கும். கூறியது கூறல், சொன்னதையே சொல்றது. மற்றொன்று விரித்தல், பட்ஜெட்டுன்னு ஆரம்பிச்சு பழைய ஆபீஸ் கதைக்கு போயிடுறது. எனக்கு ரொம்ப பிடிச்சது 'சென்று தேய்ந்து இறுதல்', ஜோரா ஆரம்பிச்சு போகப் போக தேஞ்சு, கடைசில "ஸோ... அப்படித்தான்..."னு இழுத்துட்டே உக்காருறது.

இதுக்கு ஒரே வைத்தியம், கடைசி வாக்கியத்த முதல்ல எழுதி கையில வச்சுக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு ஆள் வேணும்." எங்க சுத்துனாலும் அந்த வரிக்கு வந்துட்டு உக்காந்துடுங்க. பக்கத்து சீட் நண்பர்கிட்ட சொல்லி வைங்க, கதை பக்கம் போனா மேஜைய ஒரு தட்டு தட்ட சொல்லுங்க. மொத வாரம் நிறைய தட்டுவார்.