ஒரு நெளிகோட்டுக்காக (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

பிரான்சில் ரென் நகரில் வேலை செய்கிறேன். அலுவலக நண்பர் தன் மகனுக்கு ஃபான்ஷ் என்று பெயர் வைத்திருக்கிறார். இந்த வட்டாரத்தின் பழைய மொழியான பிரெத்தோன் மொழிப் பெயராம். அதற்கு என்ன பொருள்? அதில் 'என்' (n) எழுத்தின் மேல் வரும் நெளிகோட்டுக்காக (ñ) நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றும் சொன்னார். ஒரு கோட்டுக்கு இவ்வளவு பிடிவாதமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சுவா என்ற பெயரின் பிரெத்தோன் வடிவம் அது. அசிசியின் புனித பிரான்சிஸ் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவிய பெயர். அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை இவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்களே. யாருடைய பிடிவாதம்? அந்த மொழியில் அந்தக் கோடு இருந்தால் முன்னால் வரும் உயிரெழுத்தை மூக்கால் சொல்ல வேண்டும். எடுத்துவிட்டால் உச்சரிப்பே மாறிவிடும், பிள்ளையை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. 2017இல் கெம்பேர் ஊரில் ஒரு குழந்தைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அரசின் 2014ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் இருந்த எழுத்துப் பட்டியலில் அந்தக் கோடு இல்லை, அதனால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. அனுமதித்தால் நாட்டின் ஒற்றுமை குலையும் என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. ஒரு கைக்குழந்தையின் பெயரால்! 2018 நவம்பரில் உங்கள் ரென் நகரின் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதை மாற்றியது. பிரெஞ்சு அகராதிகளிலேயே அந்த எழுத்து இருக்கிறது என்று அது எடுத்துக்காட்டியது. அரசுத் தரப்பு அதற்கு மேலும் போய், 2019 அக்டோபரில் தோற்றது.

இது நேற்று வந்த சண்டை இல்லை. எந்தப் பெயர் வைக்கலாம் என்பதற்கே 1803இல் சட்டம் போட்ட நாடு அது. நாட்காட்டிகளில் உள்ள பெயர், இல்லையென்றால் பழைய வரலாற்றில் வரும் பெயர், இரண்டில் ஒன்றுதான் வைக்கலாம். 1993இல்தான் அந்தச் சட்டம் போனது. நடுவில், பிரெத்தோன் பெயர் வைத்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் பல ஆண்டுகள் அரசுப் பதிவேட்டில் இல்லாமலே வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள், அடுத்து யார் பேசி மாட்டுகிறார்களோ அவர்களிடம் அதை மாற்றிவிட வேண்டும், அதாவது பிள்ளையே பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகள்தான் இன்று அந்தக் கோட்டைக் கேட்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரியாமல்தான் கேட்டீர்கள் என்று புரிகிறது. அப்புறம், வழக்கு முடிந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். வட்டார மொழிகளின் இந்தக் குறிகளுக்கு அனுமதி தந்த 2021ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவை அரசியலமைப்பு மன்றம் நீக்கிவிட்டது. மற்ற ஃபான்ஷ்களின் பெற்றோர் அதற்குப் பிறகும் தனித்தனியாக அலைய வேண்டியிருந்தது. உங்கள் நண்பரின் மகனுடைய பிறப்புச் சான்றிதழில் கோடு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள்.