ஏர்பிரஷ் வாங்கும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் மாடல்கள் செய்து வருகிறேன். பெரும்பாலும் 1/72 அளவு (அசலில் 72-ல் ஒரு பங்கு) விமானங்கள். இப்போது ரெவெல் நிறுவனத்தின் 1/350 எம்டனை, முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் போர்க்கப்பலை, கையில் எடுத்திருக்கிறேன். இதுவரை தூரிகையையும் ஸ்ப்ரே கேனையும் வைத்தே சமாளித்துவிட்டேன். இந்தக் கப்பலை, காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூறலாகத் தெளிக்கும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷ்ஷில்தான் முடிக்க வேண்டும் என்று ஆசை.

எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். நுணுக்கமான வேலைக்கு 0.2 மி.மீ. நாசில்தான் (பெயின்ட் வெளிவரும் முனை) சரி என்கிறார்கள் சிலர். கம்ப்ரஸரே தேவையில்லாத, பேட்டரியில் ஓடும் கையடக்க ஏர்பிரஷ் மலிவாகக் கிடைக்கிறது. வியாசர்பாடியில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவோ, "எங்கிட்ட இருக்கிற ஸ்ப்ரே கன்னுலயே அடிச்சுக்கோடா, தனியா எதுக்குச் செலவு" என்கிறார். இன்னொன்று, போன கார்த்திகை மழையில் ஸ்ப்ரே கேனால் அடித்த ஒரு விமானம் வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. ஏர்பிரஷ் வாங்கினால் இந்தத் தொல்லை நிற்குமா?

அன்புடன்,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

எம்டனைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு அந்தக் கப்பலின் குண்டுகள் விழுந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த துறைமுகம், உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. வடசென்னையில் உட்கார்ந்து ஒருவர் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் குழப்பத்தில் பாதி, அந்த 0.2 என்ற எண்ணால் வந்தது. அது நாசில் துளையின் விட்டம். காகிதத்தில் விழும் கோட்டின் அகலம் அல்ல. கோடு எவ்வளவு மெலிதாக விழும் என்பதைப் பெயின்டை எவ்வளவு தின்னர் விட்டு இளக்கியிருக்கிறீர்கள், காற்றழுத்தம் என்ன, நாசிலை மாடலுக்கு எவ்வளவு அருகில் பிடிக்கிறீர்கள், டிரிகரை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறீர்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன. நன்றாக இளக்கிய பெயின்டை 10 முதல் 12 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், இரண்டு சென்டிமீட்டர் நெருக்கத்தில் அடித்தால், 0.3 நாசிலிலேயே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய கோடு வரும். 1/72 அளவு ஜெர்மன் போர் விமானங்களின் பக்கவாட்டில் வரும் உருமறைப்புப் புள்ளிகளுக்குக்கூட அதுவே போதும். எம்டனுக்கோ அதுகூடத் தேவைப்படாது. அசல் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர், மாடலில் 34 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். அந்த உடல் முழுவதும் திட்டு விழாமல், ஒரே சீராகச் சாம்பல் நிறம் படிய வேண்டும் என்பதுதான் அங்கே உள்ள சவால். அதற்கு நுண்ணிய துளையைவிடத் தடங்கலில்லாத ஓட்டம் முக்கியம்.

நம் ஊர் வெயிலில் 0.2 நாசில் இன்னொரு வகையிலும் சோதிக்கும். காற்று வேகமாக ஊசி முனையைக் கடக்கும்போது, அங்கே ஒட்டியிருக்கும் பெயின்ட், குறிப்பாக அக்ரிலிக், அந்த இடத்திலேயே காய்ந்து ஒரு சின்ன மணியாகக் கட்டிக்கொள்ளும். முதலில் பெயின்ட் குறையும், பிறகு சற்றும் எதிர்பாராமல் ஒரு துளி தெறித்து மாடலில் விழும். தின்னரில் நனைத்த பட்ஸால் முனையைத் துடைத்தால் சரியாகிவிடும் என்றாலும், துளை சிறுத்தால் இன்னும் அடிக்கடி துடைக்க வேண்டிவரும். முதல் பூச்சான பிரைமரிலும் மெட்டாலிக் வண்ணங்களிலும் துகள்கள் பெரியவை என்பதால் அடைப்பு இன்னும் எளிது. ஆகவே முதல் ஏர்பிரஷ்ஷுக்கு 0.3 அல்லது 0.35 என்பதே என் தெளிவான பரிந்துரை.

வகையைப் பொறுத்தவரை, மேலே கப் இருக்கும் கிராவிட்டி ஃபீட், டபுள் ஆக்‌ஷன். டிரிகரை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் பெயின்ட். பெயின்ட் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தத்திலும் வேலை நடக்கும், சில துளிகளே போதும். டிரிகர் காற்றை மட்டும் திறக்கும் சிங்கிள் ஆக்‌ஷனில் தொடங்கிப் பிறகு மாறுவதில் லாபம் எதுவும் இல்லை. விரல் பழக்கத்தை இரண்டு முறை கற்க நேரும், அவ்வளவுதான்.

பெயரைவிட நாசில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மலிவான பலவற்றில் அது அரிசிமணி அளவுகூட இல்லாத சிறு திருகாக இருக்கும். குட்டி ஸ்பேனரால் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலும் மரை முறிந்து உடலுக்குள்ளேயே தங்கிவிடும். ஜப்பானிய இவாட்டா எக்லிப்ஸ் ஹெச்.பி.-சி.எஸ்., ஜெர்மானிய ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கின் எவல்யூஷன் ஆகியவற்றில் நாசில் மரையில்லாமல் இருக்கையில் அமர்ந்துகொள்ளும், கழற்றிக் கழுவுவதற்கு ஸ்பேனரே வேண்டாம். முதலாவதில் நாசில் 0.35. கிரியோஸ் நிறுவனத்தின் புரோகான் பாய் பி.எஸ்.-289, 0.3 நாசிலோடு வரும் நம்பகமான கருவி. எதுவானாலும், ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஒருமுறை கீழே விழுந்து ஊசி முனை வளைந்துவிட்டால், உதிரி பாகம் கிடைக்காத ஏர்பிரஷ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் கைக்கு உதவாது.

இனி, ஏர்பிரஷ்ஷைவிட நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயமான காற்றுக்கு வருகிறேன். காசிமேட்டுப் பக்கத்துக் கடல்காற்று உங்கள் ஜன்னலில் அடிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் அதில் முக்கால் பங்குக்கும் மேல் உண்மையாகவே நிரம்பியிருக்கும். அந்தக் காற்றைக் கம்ப்ரஸர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், நீராவி தங்குவதற்கு இடமில்லாமல் போகிறது. அழுத்தும்போது சூடாக இருக்கும்வரை தெரியாது. டேங்கிலும் ஹோஸிலும் ஆறியதும் தண்ணீராக இறங்கிவிடும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் சிறு கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால், ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தண்ணீர் பிரியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது நாசில் வழியே வந்தால், பளபளவென்று படிந்துகொண்டிருக்கும் சாம்பல் நிறத்தின் நடுவில் திடீரென ஒரு நீர்த்துளி ஓடி, கீழே பிளாஸ்டிக் தெரியும்படி வட்டம் போட்டுவிடும்.

எனவே மூன்று லிட்டர் டேங்க் உள்ள பிஸ்டன் கம்ப்ரஸரை வாங்குங்கள். 4 பார் அழுத்தத்தில் தானே நின்று, 3 பாருக்கு இறங்கியதும் மீண்டும் தொடங்கும் வகை பரவலாகக் கிடைக்கிறது. டேங்க் இருப்பதால் காற்று துடிக்காமல் வரும், இயந்திரமும் ஓய்வெடுக்கும், நீராவிக்கும் ஆறுவதற்கு ஓர் இடம் கிடைக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோடு வரும், நீரைப் பிடித்துவைக்கும் வாட்டர் டிராப் மட்டும் நம் பகுதிக்குப் போதாது. ஹோஸுக்குள்ளும் நீர் கட்டும் என்பதால், ஏர்பிரஷ்ஷின் அடியில் திருகும் சிறிய டிராப் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே துருப்பிடிக்கும். பெரும்பாலான ஏர்பிரஷ்களின் இணைப்பு 1/8 பி.எஸ்.பி. மரை, அதற்கான ஹோஸ், அடாப்டர், டெஃப்லான் டேப் ஆகியவற்றைப் பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பேட்ஜர், பாஷே நிறுவனங்களின் ஏர்பிரஷ்களுக்கு மரை வேறு.

பேட்டரிக் கருவியைத் தவிர்க்கவே சொல்வேன். டேங்குக்கும் முறையான வாட்டர் டிராப்புக்கும் அதில் இடமில்லை. அழுத்தத்தை விரும்பிய அளவில் நிறுத்தும் வசதியும் பெரும்பாலும் கிடையாது. கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான கட்டுப்பாடே இல்லாத கருவியில் கற்பது கடினம்.

உங்கள் மாமா சொல்வதில் பாதி சரி. கார் அடிக்கும் கன்னின் நாசில் 1.3 மி.மீ. அளவில் இருக்கும், 0.3-ஐவிடத் துளையின் பரப்பு கிட்டத்தட்ட 19 மடங்கு. அது குடிக்கும் காற்றும் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர். அந்தக் கன்னால் 34 சென்டிமீட்டர் கப்பலுக்கு அடித்தால் புகைபோக்கி, படகுகள், கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் பெயின்டில் மூழ்கிவிடும். ஆனால் பட்டறைக் கம்ப்ரஸரின் காற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இடையில் ரெகுலேட்டரும், எண்ணெயைப் பிடிக்கும் ஃபில்டரும் கட்டாயம் இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த காற்று பட்டால் பெயின்ட் வட்ட வட்டமாக விலகிப் போகும். பணம் சேரும்வரை ஏர்பிரஷ்ஷை மட்டும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பழகுவது நல்ல வழி. கார்க் கதவுக்கு அடிக்கும்போது, விளிம்புக்கு வெளியே கன்னைத் திறந்து, மறுவிளிம்பைத் தாண்டிய பிறகே மாமா மூடுவதைக் கவனியுங்கள். எம்டனின் உடலுக்கும் கை அப்படித்தான் போக வேண்டும்.

கார்த்திகை மாதத்து வெண்மை ஏர்பிரஷ் வாங்கியதால் மட்டும் நின்றுவிடாது. லாக்கர் என்ற விரைவில் காயும் பெயின்டின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றின் நீராவி அந்தக் குளிர்ந்த படலத்தில் படிந்து அதை வெளிறச் செய்கிறது. ஸ்ப்ரே கேனில் வாயு விரிவதும் சேர்ந்து இன்னும் குளிரும், தின்னரை மாற்றவும் உங்களால் முடியாது. ஏர்பிரஷ்ஷில் அது உங்கள் கையில். மிஸ்டர் லெவலிங் தின்னர் போல, ரிடார்டர் கலந்து மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்துங்கள். மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். அடைமழை நாளில் லாக்கரைத் தொடாதீர்கள். வெளிறிப்போன விமானத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அதே தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக மேலே அடித்தால், படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பல நேரங்களில் நிறம் திரும்பிவிடும். முதலில் வயிற்றுப் பக்கத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. லாக்கர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பூஜை விளக்கோ அடுப்போ எரியும் நேரத்தில் பக்கத்து அறையில்கூட அடிக்காதீர்கள். புகையை வெளியேற்றும் ஸ்ப்ரே பூத் வைத்து, அதன் குழாயைப் பக்கத்து வீட்டார் நடக்கும் சந்தில் விடாமல் மொட்டை மாடிப் பக்கமாகத் திருப்புங்கள். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரை முக மாஸ்க் வேண்டும். கம்ப்ரஸர், இரண்டாவது டிராப், பூத், மாஸ்க் ஆகியவற்றுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதமிருப்பதற்குள் ஏர்பிரஷ்ஷைத் தேர்ந்தெடுங்கள்.

அன்புடன்.