நால்வர் குழுவும் காபிக்கடையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் மேற்கத்திய இசை வாசிக்கும் நால்வர்: இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று. அரங்கம் வாடகைக்கு எடுக்க வசதியில்லை. காபிக்கடை, புத்தகக்கடை, சின்ன பார் என்று பத்து நாளில் பத்து ஊர்களில் வாசிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஒத்திகை மாதிரி ஒரு கடையில் வாசித்துப் பார்த்தோம். பாதிப்பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள், மெதுவான பகுதி யார் காதிலும் விழவில்லை. மைக் வைத்துக்கொள்ளலாமா? எதை வாசிப்பது? பணத்தை எப்படிக் கேட்பது? இந்த மாதிரி இடங்களில் வாசிப்பது இசையையே தாழ்த்துவது என்கிறார் எங்களுக்குக் கற்றுத்தந்தவர். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதியில் தாமஸ் பிரிட்டன் என்ற கரி வியாபாரி 1678-இல் தன் கரிக்கிடங்கின் மாடியறையில் வாராந்திரக் கச்சேரிகளைத் தொடங்கினார். ஜெர்மனியின் லைப்சிக்கில் இசையமைப்பாளர் பாக் 1729-இல் பொறுப்பேற்ற இசைக்குழு வாசித்தது ஸிம்மர்மன் காபிக்கடையில். நம் காலத்தில் மாட் ஹைமோவிட்ஸ் என்ற செல்லோ கலைஞர் பாக்கின் தனிச் செல்லோ படைப்புகளைத் தூக்கிக்கொண்டு பார்களுக்கும் கிளப்களுக்கும் போனார். உங்களைப் போன்ற சிறு குழுக்கள் வாசிப்பதற்கு உள்ள ‘அறை இசை’ என்ற பெயரே அரங்கத்துக்காகப் பிறந்த இசையல்ல இது என்று சொல்கிறது. உங்கள் ஆசிரியரிடம் மரியாதையோடு இதைச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

மைக் வேண்டாம். அறுபது பேர் உட்காரும் மூடிய அறையை நான்கு தந்தி வாத்தியங்கள் தாராளமாக நிரப்பும். உங்கள் மெதுவான பகுதி காணாமல் போனதற்குக் காரணம் வாத்தியத்தின் சத்தம் குறைவு என்பதல்ல, அறையில் ஏற்கெனவே இருந்த சத்தம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். நீங்கள் ஒலிபெருக்கியைக் கூட்டினால் அவர்களும் கூட்டுவார்கள், அந்தப் பந்தயத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது. திறந்தவெளி முற்றம் என்றால் கதை வேறு. அங்கே ஒலியைத் திருப்பியனுப்பச் சுவர் இல்லாததால் ஒவ்வொரு வாத்தியத்திலும் சின்ன கிளிப் மைக் மாட்டத்தான் வேண்டும். செலவைச் சுருக்கிப் போகிற பயணத்தில் முற்றத்தையே தவிர்ப்பது நல்லது.

ஆகவே முதல் வேலை, அறையை அடக்குவது. எதிரிகள் மூன்று. காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர், பால் நுரைக்கும் நீராவிக் குழாய், ஃப்ரிட்ஜ். முதல் இரண்டும் விட்டுவிட்டு வருபவை, பேசி ஏற்பாடு செய்துவிடலாம். ஒரு செட், அதாவது ஒரு சுற்று வாசிப்பு, இருபது நிமிடம்தான், அதுவரை புது ஆர்டர் வேண்டாம், முடிந்ததும் இருபத்தைந்து நிமிடம் உங்கள் வியாபாரம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். அவருக்கும் இது லாபம்தான். இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வாங்குவார்கள். ‘அமைதியாக இருங்கள்’ என்று வாடிக்கையாளரிடம் கேட்பதைவிடக் கிரைண்டரை நிறுத்துவது பத்து மடங்கு பலன் தரும்.

ஃப்ரிட்ஜ் வேறு ரகம். பழகிவிடுவதால் அதன் ரீங்காரத்தை யாரும் கவனிப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் நாடுகளில் மோட்டாரும் டிரான்ஸ்பார்மரும் எழுப்பும் அந்த முனகல் பெரும்பாலும் அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் இருக்கும். செல்லோவின் திறந்த ஜி தந்தி, அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் ஜி தந்தி, 98 ஹெர்ட்ஸ். செல்லோக்காரர் அந்த ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால் இரண்டும் மோதி, நொடிக்கு இரண்டு தரம் அலையடிப்பது கேட்கும். சுருதி விலகிவிட்டதென்று நினைத்து அவர் தந்தியை இறுக்கும் முறுக்காணியைத் திருத்தப் போவார், உண்மையில் விலகியிருப்பது ஃப்ரிட்ஜ். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் அந்த முனகல் 120-க்குப் போய்விடும். அது பி-ஃப்ளாட், பி என்ற இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே எங்கோ தொங்குவதால் திறந்த தந்தி எதனோடும் மோதாது, வெறும் தொந்தரவாக நிற்கும்.

செட் தொடங்குமுன் ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறக்காவிட்டால் உள்ளிருக்கும் குளிர் நான்கு மணி நேரம் வரை தாங்கும், இருபது நிமிடம் ஒரு பொருட்டே அல்ல. திரும்பப் போட மறப்பதுதான் ஆபத்து. படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்பவர்களிடம் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது. சாவி இல்லாமல் ஊருக்குக் கிளம்ப முடியாது அல்லவா.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நேரில் போக வேண்டியதில்லை. நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம், அதோடு கடையில் கூட்டமிருக்கும் நேரத்தில் எடுத்த ஒரு நிமிட வீடியோ கேளுங்கள். வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பாதி தெரிந்துவிடும். நான்கு பேர் வில்லை வீசி வாசிக்கக் குறைந்தது மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். கழிப்பறைக்குப் போகும் வழி உங்கள் இசைத்தாள் ஸ்டாண்டுகளுக்கு நடுவே போகக்கூடாது. கல்லா உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்கக்கூடாது, இருந்தால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் மேடையில் நிற்பதுபோல் ஆகிவிடும். நீளமான அறை என்றால் கடைக்கோடியில் உட்காராமல் நீளச் சுவரின் நடுவே உட்காருங்கள். கடைசி மேசைக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் பாதியாகும். முதுகுக்குப் பின்னால் திரைச்சீலையோ புத்தக அலமாரியோ இல்லாமல் வெறும் சுவரோ கண்ணாடியோ இருந்தால் ஒலி முன்னே வரும். செல்லோவை மட்டும் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், மந்திர ஸ்தாயி குமுறி மற்ற மூவரையும் மூடிவிடும்.

வரிசையைப் பற்றியும் யோசியுங்கள். வியோலாவை வலது ஓரத்தில் உட்காரவைத்தால் அதன் ஒலித்துளைகள் பின்சுவரைப் பார்க்கும். நல்ல அரங்கில் அது பெரிய குறையல்ல. துணியும் உடம்புகளும் ஒலியைக் குடித்துவிடும் கடையில் வியோலா அடியோடு காணாமல் போகும். செல்லோவை ஓரத்துக்கு மாற்றி வியோலாவை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். எதிரொலி இல்லாத அறையில் காலப்பிரமாணத்தை ஒரு பொட்டு கூட்டி, ஸ்வரங்களைச் சற்றே நீட்டி வாசியுங்கள். அரங்கத்தில் அறை செய்து தரும் இணைப்பை இங்கே வில்தான் செய்யவேண்டும்.

கையில்லாத, தட்டையான, நாலு கால் நாற்காலி நான்கு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்னால் சோபாவும் உயர ஸ்டூலும்தான் கிடைக்கும். செல்லோக்காரருக்கு இடுப்பைவிட முழங்கால் தாழ்ந்திருக்க வேண்டும், சரிவான ஆப்பு மெத்தை ஒன்றை அவர் கூடவே வைத்திருக்கட்டும். டைல்ஸ் தரையில் செல்லோவின் ஊன்றுகம்பி வழுக்கும். அதன் ரப்பர் முனையில் தூசி படிந்தால் பிடிப்பு போய்விடும் என்பதால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அதைவிட நம்பகமானது நாற்காலியின் முன்காலில் மாட்டும் நாடா. ஒரு முனையில் கால் நுழையும் வளையம், மறுமுனையில் கம்பி ஊன்றும் கிண்ணம். தரையில் துளை விழாது, மறுமுறையும் கூப்பிடுவார்கள்.

வாத்தியங்களை உறையிலிருந்து அரைமணி நேரம் முன்பே எடுத்து வைத்தால்தான் அறையின் ஈரப்பதத்துக்குப் பழகும். ஏசி காற்று நேரே விழும் இடத்தில் உட்கார்ந்தால் காற்று காய்ந்து முறுக்காணி நழுவும், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே சுருதி சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். மங்கலான விளக்குக்கு ஸ்டாண்டில் மாட்டும் பேட்டரி விளக்கு நான்கு, உதிரி ஒன்று. டேப்லெட்டில் பார்த்து வாசிப்பவர் அச்சுப் பிரதியையும் பையில் வைத்திருக்கட்டும்.

எதை வாசிப்பது? இருபது நிமிடம் வீதம் இரண்டு செட், கூட்டம் நிலைத்தால் மூன்றாவது. ஆரம்பமே மெல்லிய இசையாக இருக்கக்கூடாது, முதல் எட்டு பத்து அளவுகள் (தாளக் கட்டங்கள்) எப்படியும் நாற்காலி இழுபடும் சத்தத்தில் போய்விடும். வேகமான, உரத்த ஒரு பகுதியோடு தொடங்குங்கள். மெதுவான பகுதியை இரண்டாவது செட்டின் நடுவில் வையுங்கள், அதற்குள் பேச வந்தவர்கள் பேசி முடித்திருப்பார்கள் அல்லது போயிருப்பார்கள். முழுப் படைப்பையும் வாசித்தாக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், தனிப் பகுதிகள் போதும். ஹைடனின் ஓபஸ் 33 என்ற தொகுப்பில் இரண்டாவது குவார்ட்டெட் (நால்வருக்கான படைப்பு) இந்த மாதிரி இடத்துக்கென்றே எழுதியது போலிருக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் கைதட்டத் தொடங்கும்போது இசை மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். 1781-இல் எழுதிய அந்தக் குறும்புக்குச் சிரிக்க எந்த முன்னறிவும் தேவையில்லை. நேர்மாறாக வெபர்னின் ஆறு பகாடெல்களை (குட்டிப் படைப்புகளை) விட்டுவிடுங்கள். மொத்தமே நான்கு நிமிடம், அதிலும் முக்கால்வாசி கிசுகிசுப்பு, ஒரு கோப்பை தட்டில் உரசினாலே ஒரு பகுதி போய்விடும். ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்ட்டெட் ஐந்து பகுதிகளும் நிற்காமல் இருபது நிமிடம் ஓடும். கூட்டம் உங்கள் பக்கம் வந்துவிட்ட இரவில் மட்டும் எடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் ஒரு நிமிடம் பேசலாம். வாழ்க்கை வரலாறு வேண்டாம். ‘இதில் வியோலா ஒரு மெட்டை வயலினிடமிருந்து பறிக்கும், கவனியுங்கள்’ என்று சொல்லி அந்த நான்கு அளவுகளை வாசித்தும் காட்டுங்கள். எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் பேச்சைத் தாங்களே நிறுத்துவார்கள்.

பணம். பத்து நாளில் பத்து ஊர் என்பதை ஏழாகக் குறையுங்கள். தோளும் இடதுகையும் ஓய்வு கேட்கும், ஏதாவது ஓரிடம் கடைசி நேரத்தில் கைவிரிக்கும். ஏழில் இரண்டு, நிலையான சம்பளம் தரும் இடங்களாக இருக்கட்டும்: பள்ளி, நூலகம், நிறுவன விழா. மொத்தச் செலவை நூறு என்று வைத்தால் அந்த இரண்டிலிருந்தே அறுபதாவது வந்துவிட வேண்டும், அப்போதுதான் கடைகளில் நிம்மதியாக வாசிக்க முடியும். இது என் கணக்கு, சட்டமல்ல. கடைக்காரரிடம் அவருக்கு ஆள் வராத நாளைக் கேளுங்கள். வெள்ளி சனி அவருக்கே கூட்டம், நீங்கள் தேவையில்லை. வாரத் தொடக்கத்தில் ஒரு சிறு உறுதித்தொகையும் நால்வருக்குச் சாப்பாடும் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மிச்சம், கேட்பவர்கள் விரும்பியதைப் போட நீட்டும் தொப்பியில் வரவேண்டும். அறிவிப்பு கடைசிப் படைப்புக்கு முன்னால், தொப்பி கடைசிக் கைதட்டலின்போதே. மக்கள் எழுந்து மேலங்கியைத் தேடத் தொடங்கிவிட்டால் பாதி போச்சு. வாத்தியம் பிடிக்காத ஒருவர்தான் ஏந்தவேண்டும், ஒவ்வொரு மேசைக்கும் போகவேண்டும். கல்லாவில் உண்டியல் வைப்பது பயனற்றது. சில நோட்டுகளை முன்பே போட்டு வைத்தால் சில்லறை மட்டும் விழுவது குறையும். ரொக்கம் வைத்திருக்காதவர்களுக்காக மேசைதோறும் கியூஆர் அட்டை வையுங்கள். வந்த பணத்தை ஐந்தாகப் பிரியுங்கள்: ஆளுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. கிளம்பும் முன்பே இதை எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காரில் நான்கு பேரும் ஒரு செல்லோவும் போக முடியாது, ஏழு பேர் வண்டி வேண்டும். வாத்தியங்களை ஒருபோதும் வண்டியில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் ஒட்டுப்பசை இளகி மூட்டு விரியும். ஆளில்லாத வண்டியிலிருந்து திருடு போனதைப் பல காப்பீடுகள் ஏற்பதும் இல்லை. விமானம் என்றால் செல்லோவுக்குத் தனி இருக்கை எடுக்கவேண்டும், முன்பதிவின்போதே சொல்லி ஜன்னலோரம் கேளுங்கள். எல்லை தாண்டுவதானால் பெர்னம்புகோ என்ற, வர்த்தகக் கட்டுப்பாடுள்ள பிரேசில் மரத்தில் செய்த வில்லை வீட்டில் விட்டுவிட்டுக் கார்பன் ஃபைபர் வில் எடுத்துப் போங்கள். தந்தமோ ஆமை ஓடோ பதித்த பழைய வில் சுங்கத்தில் மாட்டினால் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது. ஹைடனுக்கு உரிமைத்தொகை இல்லை. ஷோஸ்டகோவிச் இறந்தது 1975-இல்தான், பல நாடுகளில் அவர் படைப்புகளுக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது. பொது இடத்தில் வாசிக்கும் அனுமதி கடையிடம் இருக்கிறதா, அது நேரடி இசைக்கும் பொருந்துமா என்று நாள் குறிக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.