பலர் சேர்ந்து செய்யும் திறமூல மென்பொருள் திட்டத்தை எப்படித் திட்டமிட்டு நடத்துவது? எந்தக் கருவி நல்லது?

யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்–பர்மிய அகராதிச் செயலியை ஏழெட்டுப் பேர் சேர்ந்து 2020 கடைசியில் தொடங்கினோம். இன்னும் ஓடுகிறது. சம்பளம் இல்லாமல், பிழைப்பு வேலை முடிந்த பிறகு செய்கிற சின்னத் திட்டம். உங்களுடையதும் அப்படித்தான் என்றால் என் அனுபவம் உதவலாம்.

கருவியைப் பற்றித்தான் நானும் முதலில் யோசித்தேன். கிட்ஹப்பில் (நிரலை இணையத்தில் வைத்துச் சேர்ந்து வேலை செய்யும் தளம்) பணிப் பலகை, வாரம் ஒரு கூட்டம், மூன்று மாத அட்டவணை. எல்லாம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவ ஆட்சியாளர்கள் இரவு 1 மணி முதல் காலை 9 வரை இணையத்தைத் துண்டித்தார்கள். மார்ச்சில் மொபைல் டேட்டாவும் போனது. இன்றும் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. கூட்டம் 8 மணிக்கு என்றால் பாதிப் பேர் இருட்டில் இருப்பார்கள்.

அதனால் கூட்டத்தை விட்டோம், தேதிகளையும் விட்டோம். கரண்ட் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் முடியாத வேலையை இஷ்யூவாக (செய்யவேண்டிய வேலைக் குறிப்பாக) கிட்ஹப்பில் போடுவதே இல்லை. "தேடலை மேம்படுத்துக" என்று எழுதினால் யாரும் தொடமாட்டார்கள். "பழம் என்பதைப் பலம் என்று அடித்தாலும் கிடைக்க வேண்டும்" என்று எழுதினால் மறுநாளே ஒருவர் எடுத்துக்கொள்கிறார். வைபரில் குரல் செய்தியில் பேசி முடிவெடுத்தால், அன்றே ரெப்போவில் (திட்டக் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியம்) உள்ள முடிவுகள் கோப்பில் ஒரு வரி ஏறவேண்டும். இல்லையென்றால் அது முடிவே இல்லை.

கோப்புகளின் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் இதற்கு வாகாக இருக்கிறது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருப்பதால் இணையம் இல்லாமலே கமிட் செய்யலாம், அதாவது மாற்றத்தைப் பதியலாம். கிட் பண்டில் கட்டளை எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். மோல்மீனில் இருக்கும் தம்பிக்கு ஒருமுறை அதைப் பென்டிரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

நான் செய்த பெரிய தப்பு, மெர்ஜ் செய்யும், அதாவது மற்றவர்கள் அனுப்பும் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கும் உரிமையை என்னிடம் மட்டும் வைத்துக்கொண்டது. தரம் கெட்டுவிடும் என்று பயம். ஒருமுறை மூன்று வாரம் என் வீட்டு லைன் செத்துக் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் பதினொரு புல் ரெக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) காத்திருந்தன. அனுப்பியவர்களில் நன்றாக எழுதுகிற ஒருவர் அதற்குள் ஒதுங்கிவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். இப்போது வெவ்வேறு ஊரில் மூன்று பேருக்கு அந்த உரிமை உண்டு. எழுதியவர் தவிர இன்னொருவர் பார்த்தால் போதும்.

யாரும் சொல்லாத இன்னொன்று: தரவு வந்து சேரும் கோலம். வகுப்பு ஆசிரியை ஒருவர் தந்த வேர்ட் கோப்பில் தமிழ்ப் பத்தி பாமினி என்ற பழைய எழுத்துருவில், பர்மியப் பத்தி ஜாவ்ஜி என்ற பழைய எழுத்துருவில். பாமினியைப் பார்த்ததும் தெரிந்துவிடும், எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஜாவ்ஜி அப்படியில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் தரும் யூனிகோடின் அதே எண்களை வேறு மாதிரிப் பயன்படுத்துவதால் பார்வைக்குச் சரியாக இருக்கும், தேடினால் கிடைக்காது. நாடே 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்தது, பழைய கோப்புகள் மாறவில்லை. கூகுள் திறமூலமாக வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் ஜாவ்ஜியைக் கண்டுபிடித்து மாற்றித் தரும். எங்களுக்கு முதல் ஆறு மாதம் இதிலேயே போயிற்று, எந்த அட்டவணையிலும் அது இல்லை.

உரிமத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நிரலுக்கு ஒன்று, சொற்களுக்கு ஒன்று. நாங்கள் தாமதித்ததால், அச்சு அகராதி ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த 140 சொற்களைப் பிறகு தூக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், நிரல் எழுதாதவர்களின் பெயரும் கமிட்டில் இருக்கட்டும். அந்த ஆசிரியைக்கு கிட் தெரியாது. வைபரில் எக்செல் அனுப்புவார், எங்களில் ஒருவர் அதை அவர் பெயரை எழுதியவராகப் போட்டுக் கமிட் செய்வார். ஒருநாள் பங்களித்தவர்கள் பட்டியலை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இனிஷியலை விட்டுட்டியே தம்பி" என்றார். கமிட்டில் உள்ள பெயரைத் திருத்திக் காட்டும் மெயில்மேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தோம்.